பல் டாக்டரின் படகும் கழட்டி அக்காவும்

அந்தப் படகுப் பட்டறையில் வேறு யாரிடமாவது போய், "காலையிலேர்ந்து என்னத்தைக் கழட்டினே?" என்று கேட்டால் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். கழட்டி அக்காவிடம் கேட்டால் ஒழுங்காகப் பதில் வரும். "ரெண்டு ஏணி, ஒரு கதவு, பதினோரு கொக்கி. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தண்ணித் தொட்டி. ஏன், உனக்கு ஏதாவது கழட்டணுமா?" என்பார்.

அவர் வேலை அதுதான். பழைய படகுகள் புதுப் பெயிண்ட்டுக்காகக் கரையேறி வரும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், அவற்றில் திருகியும் ஒட்டியும் வைத்திருக்கிற சாமான்களை உடையாமல், கீறல் விழாமல் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். சொல்லக் கேட்டால் சுலபம். இருபது முப்பது வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறிய ஸ்க்ரூவை ஒருமுறை திருகிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு வீம்பு பிடித்த ஜந்து என்று.

இதற்கு முன்னால் அக்கா, பொருட்காட்சிகளுக்குக் கடை போட்டுத் தரும் கம்பெனி ஒன்றில் இருந்தார். பலகை நிறுத்தி, விளக்கு மாட்டி, துணி கட்டுகிற நாளில் அங்கே ஐம்பது பேர் நிற்பார்கள். பிரிக்கிற நாளில் ஆளாளுக்கு வயிற்று வலி வந்துவிடும். மிஞ்சுவது அக்காதான். அவர் எதையும் பிடுங்கி எறிய மாட்டார். எந்தப் பலகைக்கு எந்த ஸ்க்ரூ என்று சின்னப் பைகளில் போட்டு, மேலே எழுதி, அந்தந்தப் பலகையிலேயே கட்டிவிடுவார். அடுத்த ஊரில் மூட்டையைத் திறக்கிறவர்கள் இருந்த இடத்திலிருந்தே அவரைக் கும்பிடுவார்கள்.

கட்டிக்கொண்ட ஆளும் அதே கம்பெனியில் விளக்கு மாட்டுகிறவன்தான். நாலு வருஷம் குடித்தனம். ஐந்தாவது வருஷம் வேறு ஊரில் வேலை என்று போனவன், போன இடத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். "இப்படிக் கழட்டி விட்டுட்டானே உன்னை" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களை உட்காரவைத்து டீ கொடுத்தார் அக்கா. அவர்கள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கட்டிலைப் பிரித்து முடித்திருந்தார். அடுத்து பீரோ, மின்விசிறி, சுவர் அலமாரி. அவன் வாங்கியதெல்லாம் ஒரு பக்கம், தான் வாங்கியதெல்லாம் ஒரு பக்கம். அவன் பங்கை ஸ்க்ரூப் பைகளோடு அவன் முகவரிக்கே லாரியில் ஏற்றிவிட்டார். கட்டிலோடு போன பையில், "தலைமாட்டுப் பக்கம் முதலில் மாட்டவும்" என்று எழுதியிருந்தது.

"வேற ஒண்ணும் எழுதலையாக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"வேற எழுதினா மாட்டும்போது குழம்பிடுவான்டி."

அன்றிலிருந்து தங்கை வீட்டு மாடியில் அக்காவுக்கு ஒரு அறை. கீழே தங்கையும் அவள் கணவரும். அந்தக் கணவர்தான் படகுப் பட்டறையின் பெயிண்டர். பொருட்காட்சிக் கம்பெனியை இழுத்து மூடியபோது, "எங்க பட்டறையில ஆள் கேக்கறாங்க" என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே. அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அடுத்த பதினோரு வருஷமும் அவர் நினைத்தார்.

காரணம், பெயிண்டருக்கு எல்லாம் சட்டுபுட்டென்று முடிய வேண்டும். ஒரு சாமான் லேசில் வராது என்று தெரிந்தால், அதைச் சுற்றிக் காகித டேப்பை ஒட்டி அடித்துவிட்டுப் போய்விடலாம் என்பது அவர் கட்சி. கழட்டாமல் பெயிண்ட் அடிப்பது முகம் கழுவாமல் பவுடர் போடுவதற்குச் சமம் என்பது அக்காவின் கட்சி. ஆனால் தங்கை கணவர் ஆயிற்றே, வாய்க்கு வந்தபடி திட்ட முடியாது. அதனால் அக்கா மரியாதையோடு திட்டுவார். "மாப்ள, நீங்க தயவு பண்ணி அந்த டேப்பைத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட போறீங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். ஸ்கூட்டரில் வேலைப் பேச்சு கூடாது என்பது தங்கை போட்ட சட்டம். ஒருமுறை பேசிக்கொண்டே போய் ஒரு பூக்கடைக்குள் வண்டியை விட்டதில் வந்த சட்டம் அது.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரின் படகு வந்தது. தூண்டில் போட்டுப் பெரிய மீன் பிடிக்கிற பொழுதுபோக்குக்கென்றே செய்த படகு. வயது இருபத்தெட்டு. வாங்கிப் பதினைந்து வருஷமாக அதை வைத்திருந்தார் டாக்டர். ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவார், யாரோடு பேசினாலும் கண் அவர்கள் பல்லுக்குத்தான் போகும். படகின் பின்பக்கத்துத் திறந்த தளத்துக்குப் புதுப் பெயிண்ட் வேண்டும் என்றார். காக்பிட் என்பார்கள் அதை. மீன் பிடிக்கிறவர்கள் நின்று தூண்டில் போடும் இடம்.

அந்தத் தளத்தில் சாமானுக்குக் குறைவில்லை. தூண்டில் கம்பைச் செருகி வைக்கப் பத்துக் குழல்கள். கயிறு கட்டும் முளைகள் ஆறு. பெரிய மீனோடு மல்லுக்கட்டுபவர் உட்கார, நடுவில் ஒரு சுழல் நாற்காலி. படகு அறையின் சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. அதில் ஒரு பக்கம் இழுப்பறைகள், நடுவில் இரை வெட்டும் பலகையும் சின்னத் தொட்டியும், அடுத்த பக்கம் ஐஸ் பெட்டி.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க" என்றார் டாக்டர். "அந்த மேடையை மட்டும் விட்டுடுங்க."

"ஏன் டாக்டர்?"

"அது நல்லா கெட்டியா இருக்கும்மா. நல்லா இருக்கிறதை எதுக்கு ஆட்டணும்?"

பெயிண்டருக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. "டாக்டர் சொல்றதுதான் கரெக்ட். நான் சுத்தி டேப் ஒட்டிடறேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "டாக்டர், ஒருத்தர் உங்ககிட்ட வந்து, பல்லு இடுக்கையெல்லாம் விட்டுடுங்க, மேலாக்க மட்டும் பளபளன்னு பண்ணி விடுங்கன்னா பண்ணுவீங்களா?"

டாக்டர் யோசித்தார். தொழில் தர்மம் குறுக்கே வந்தது. "பண்ண மாட்டேன்."

"நானும் பண்ண மாட்டேன்."

அக்கா சொன்னதில் வெறும் வீம்பு மட்டும் இல்லை. பெயிண்ட்டின் ஓரம் மேடைக்கு அடியில் போய் முடிந்தால் தண்ணீருக்கு நுழைய வழி கிடைக்காது. மேடையைச் சுற்றி வெளியே முடிந்தால், அந்த ஓரத்தில்தான் தண்ணீர் நகத்தை விட்டு நெம்பும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு படகில் ஐஸ் பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி அடித்தார் பெயிண்டர். ஆறே மாதத்தில் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டது. இன்றுவரை டேப் சரியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதல் இரண்டு நாள் எல்லாம் நல்லபடியாகப் போனது. குழல்கள் வந்தன, முளைகள் வந்தன. நாற்காலிக்கு அடியில் இருந்த நட்டுகளைப் பிடிக்க, தளத்தில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து உள்ளே போக வேண்டும். பெயிண்டரின் வயிறு அந்த வாசலுக்கு ஒத்துவராது. அக்காதான் உள்ளே ஊர்ந்து போய், டீசல் டாங்குக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஸ்பேனரைப் பிடித்தார். மேலே இருந்து பெயிண்டர் திருகினார்.

"பிடிச்சாச்சாக்கா?"

"பிடிச்சுட்டேன் மாப்ள, திருகுங்க. அந்தப் பக்கம் இல்ல! நான் கழட்டச் சொன்னா நீங்க இறுக்கறீங்க!"

மூன்றாவது நாள் மேடைக்கு வந்தார்கள். தொட்டிக் குழாயைப் பிரித்து, விளக்கு வயர்களுக்கு ஒன்று இரண்டு என்று சீட்டு ஒட்டி, எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டார் அக்கா. கண்ணுக்குத் தெரிந்த ஸ்க்ரூ பதினாறு. பதினாறும் பைக்குப் போயின. "இப்ப ஒரு கை பிடிங்க" என்றார். இரண்டு பேரும் பிடித்துத் தூக்கினார்கள். படகே ஒரு இழை ஆடியது. மேடை ஆடவில்லை.

நாலாவது நாளும் ஆடவில்லை. ஓரத்துப் பசையை வெந்நீராலும் சூடான காற்றாலும் இளக்கி, பட்டித் தகட்டை உள்ளே விட்டுப் பார்த்தார் அக்கா. ஒரு விரற்கடை போய் நின்றுவிட்டது. எங்கேயோ வேறு பிடி இருக்கிறது. யாரோ பிற்பாடு கை வைத்திருக்கிறார்கள்.

"எந்தப் புண்ணியவான் இதை ஒட்டினானோ" என்று ஆரம்பித்த அக்கா, மத்தியானத்துக்குள் புண்ணியத்தை எடுத்துவிட்டார். "மறை கழண்டவன்தான் இப்படிப் பூசியிருப்பான் டாக்டர். கையில பசை கிடைச்சுதுன்னு பாயாசம் மாதிரி ஊத்தியிருக்கான் பாருங்க."

தினம் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் டாக்டர், "ஆமாமா" என்றார்.

"மண்டையில மசாலா இருக்கிறவன் செய்யற வேலையா இது?"

"இல்லைதான்" என்றார் டாக்டர் இன்னும் மெதுவாக. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐந்தாவது நாள் காலை, இழுப்பறைகள் இருந்த பொந்துக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகத் தடவினார் அக்கா. மூலையில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. மேலே வெள்ளை பெயிண்ட். சுரண்டினால் உள்ளே ரோஸ் நிறம். நல்ல பளீரென்ற ரோஸ், கண்ணாடி மாதிரி கெட்டி. ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மாப்ள, ரோஸ் கலர்ல பட்டி உண்டா?"

பெயிண்டர் அதை வாங்கி மோந்தார், நகத்தால் கீறினார், வெயிலில் காட்டினார். "பட்டி இல்லக்கா. முப்பது வருஷத்துல இப்படி ஒரு சரக்கைப் பார்த்ததில்ல." பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார். பார்த்திருக்கிறார். எங்கே என்பதுதான் அவருக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, வாய்க்குள் விரலை விட்டு, முன் பல் இரண்டை அதன் ரோஸ் நிற ஈறோடு எடுத்து உள்ளங்கையில் சில்லுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம்.

அக்கா படகை மறந்துவிட்டார். "மாப்ள! உங்களுக்குப் பல் செட்டா?"

"அக்கா, இப்ப அதுவா முக்கியம்?" என்றார் பெயிண்டர். பல் இல்லாத வாயில் அது 'முக்கியம்' என்று வரவில்லை.

"பதினெட்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியாதே! அவளுக்குத் தெரியுமா?"

"அவதான் வெளியில சொல்லாதீங்கன்னா."

அன்றைக்கென்று காலையிலேயே, இந்த நேரம் பார்த்து ஏணியில் ஏறி வந்தார் டாக்டர். பெயிண்டரின் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் பல் செட்டும் இருந்தது, பக்கத்தில் சில்லும் இருந்தது. டாக்டரின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் அந்தச் சில்லின் நிறத்துக்கே வந்தது.

"நான்தான்மா அந்த மறை கழண்டவன்" என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. படகு வேகமெடுத்தால் மேடை கடகடவென்று ஆடியிருக்கிறது. ஆடுகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே எட்டு நீள ஸ்க்ரூக்களை இறக்கி, கையில் கிடைத்த பசையை எல்லாம் ஊற்றி, ஸ்க்ரூவின் தலை தெரியாமல் இருக்க, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பல் செட்டுச் சரக்கைக் குழைத்து அடைத்துவிட்டார். மேலே வெள்ளை பூசிவிட்டார். அதைக் கழட்டச் சொல்ல வெட்கம். கழட்டினால் குட்டு வெளிப்படுமே என்று பயம்.

அக்காவுக்கு இப்போது சங்கடமாகிவிட்டது. முந்தின நாள் முழுக்கத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. "மன்னிச்சுக்குங்க டாக்டர், நான் பாட்டுக்கு..."

"நீங்க சொன்னது ஒண்ணும் தப்பில்லை. பசை நிஜமாவே கொஞ்சம் ஜாஸ்திதான்."

"சரி, விடுங்க. எட்டும் எங்கெங்க இருக்கு, ஞாபகம் இருக்கா?"

முப்பது வருஷமாக யாருக்கு எந்தப் பல் என்று நினைவு வைத்திருக்கிற மனுஷர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "கீழே முன்பக்கம் நாலு. பின்சுவர்ல ரெண்டு. தொட்டிக்கு அடியில இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு."

மறுநாள் கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார் டாக்டர். உள்ளே கம்பி நுனியில் குட்டிக் கண்ணாடி, பாட்டரியில் ஓடும் சின்னத் துளைப்பான், நெற்றியில் கட்டும் விளக்கு. குப்புறப் படுத்துக்கொண்டு, மேடையின் வயிற்றுக்குள் கண்ணாடியை விட்டு, ரோஸ் அடைப்பை ஸ்க்ரூவின் தலைக்குச் சேதமில்லாமல் குடைந்து எடுத்தார். பழக்கதோஷத்தில் நடுவில் ஒருமுறை, "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார். பெயிண்டர் சிரித்த சிரிப்பில் பல் செட்டு மறுபடி வெளியே வரப் பார்த்தது.

டாக்டர் ஸ்க்ரூவின் தலையைத் திறந்து கொடுக்கக் கொடுக்க அக்கா திருகி எடுத்தார். ஆறு ஒழுங்காக வந்தன. ஒன்று பாதியில் ஒடிந்தது. இன்னொன்றின் தலை தேய்ந்து போயிருந்ததால் துளை போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. மிச்சம் பசைதான். அதற்கு அக்காவிடம் ஒரு வழி இருந்தது. டாக்டரிடமே பின்னல் தூண்டில் நரம்பு ஒரு சுருள் வாங்கி, ஒரு துண்டை வெட்டி, இரண்டு நுனியிலும் மரக்கட்டை கட்டி, மேடைக்கு அடியில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் விட்டார். ஒரு நுனியை அக்கா பிடித்துக்கொண்டார், மறு நுனியைப் பெயிண்டர். மாற்றி மாற்றி இழுத்தார்கள், ரம்பம் அறுப்பது போல. அரை மணிக்கு ஒரு நரம்பு அறுந்தது. நாலாவது நரம்பில், சேற்றிலிருந்து காலை உருவுகிற சத்தத்தோடு மேடை விட்டுக்கொடுத்தது. மூன்று பேரும் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

கைதட்டலாம் என்று நிமிர்ந்த பெயிண்டர், கையை அப்படியே இறக்கினார்.

மேடை இருந்த இடத்தில் தளம் கறுத்துப்போய் இருந்தது. அக்கா கட்டை விரலால் அழுத்தினார். தளம் மெத்தை மாதிரி உள்ளே அமுங்கியது. மேலே ஃபைபர்கிளாஸ் என்கிற நார்க்கண்ணாடித் தோல் மட்டும்தான் நன்றாக இருந்தது. நடுவில் இருந்த மரம், டாக்டரின் எட்டு ஓட்டை வழியாகப் பன்னிரண்டு வருஷம் தண்ணீர் குடித்து, ஈரக் கேக் மாதிரி ஆகியிருந்தது. அதிலிருந்து இரண்டு முழத்தில்தான் சுழல் நாற்காலியின் அடிப்பாகம். பெரிய மீனோடு ஒருவர் மல்லுக்கட்டும்போது அந்த இடம் விட்டிருந்தால், நாற்காலியோடு அவரும் கடலுக்குப் போயிருப்பார்.

டாக்டர்தான் முதலில் குனிந்து, தன் கம்பியால் ஓரத்தைக் குத்திப் பார்த்தார். "சொத்தை" என்றார். "கெட்டியான இடம் வர்ற வரைக்கும் எடுத்துடணும். பாதியில விட்டா மறுபடி வரும்."

"டேப் ஒட்டி அடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்த பெயிண்டர், அக்காவைப் பார்த்துவிட்டு, வாக்கியத்தை முடிக்காமலேயே டீ சொல்லப் போய்விட்டார். அன்று அவர் வாங்கி வந்த டீயோடு அக்காவுக்கு மட்டும் இரண்டு பிஸ்கட் கூடுதல். அக்கா அதைப் பார்த்தார், இரண்டையும் சாப்பிட்டார்.

அழுகியதைத் தோண்டி எடுத்து, காயவைத்து, புது மரம் வைத்து, மேலே நார்க்கண்ணாடி போர்த்த மூன்று வாரம் ஆனது. அப்புறம் பெயிண்டரின் முறை. தடைக்கு ஒரு சாமான் இல்லாத தளத்தில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கை நிற்காமல் அடித்தார். அவர் வேகத்துக்கு அது தீனி. "பார்த்தீங்களா மாப்ள, எவ்வளவு சுலபமா போகுது" என்று அக்கா சொல்ல வாயெடுத்தார். பெயிண்டர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "ஸ்கூட்டர்ல ஏறிட்டதா நினைச்சுக்குங்கக்கா."

காய்ந்ததும் பைகளைத் திறந்தார் அக்கா. குழல் பத்து, முளை ஆறு, நாற்காலி, வயர் ஒன்று, வயர் இரண்டு. மேடையை மட்டும் இந்த முறை ஸ்க்ரூவை நம்பி விடாமல் போல்ட்டும் நட்டும் போட்டு, அடியில் ரப்பர் பட்டை வைத்து உட்காரவைத்தார். டாக்டர் இரண்டு கையாலும் அதை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "அடுத்த தடவை ஆடுச்சுன்னா?" என்று கேட்டார் அக்கா. "உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன். கிளினிக் பக்கமே போக மாட்டேன்" என்றார் டாக்டர்.

படகு தண்ணீரில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கடலுக்குக் கூப்பிட்டார். தங்கையும் கூட வந்தாள். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. பதினோரு வருஷத்தில் எத்தனையோ படகில் ஏறி இறங்கிய அக்கா, ஓடுகிற படகில் ஏறியதே இல்லை. அவர் அறிந்த படகெல்லாம் முட்டுக் கொடுத்துத் தரையில் நிற்பவை.

முதல் அரை மணி நேரம் சோதனைதான். தளம் காலுக்கடியில் மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்கியது. அக்கா முகம் வெளிறி, தான் கழட்டி மாட்டிய நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அக்கா, தூரத்தைப் பாரு, தூரத்தைப் பாரு" என்று தங்கை முதுகைத் தடவினாள். டாக்டரும் பெயிண்டரும் ஆளுக்கு மூன்று தூண்டில் போட்டு, மீன் எங்கே இருக்கும் என்பதைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. ஒரு கையால் அக்கா முதுகைத் தடவிக்கொண்டே, மறு கையில் யாரோ கொடுத்த தூண்டிலைப் பிடித்திருந்த தங்கைதான் அடுத்தடுத்து மூன்று மீன் பிடித்தாள். மூன்றாவது வந்தபோது, "இதை எங்கேங்க வைக்கிறது? நிறுத்தவே மாட்டேங்குதே!" என்று கணவரிடம் புகார் செய்தாள்.

அந்தக் கூச்சலில் அக்கா கண் திறந்தார். கரை தூரத்தில் ஒரு கோடாக இருந்தது. பட்டறையின் தகரக் கூரை எங்கே என்று தேடினார், கிடைக்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது. எழுந்து, மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலில் நின்று பார்த்தார். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"டாக்டர்," என்று உரக்கக் கூப்பிட்டார், "இதை இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டலாமா?"